உலர்ந்த வில்லை குழியிலிருந்து கழன்று மூடியில் ஒட்டுவது பற்றி

பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்த சோதனைக் குழியில் கரைசலை ஊற்றி, உறைநிலையில் உலர்த்திய வில்லை, போக்குவரத்தில் கழன்று மூடியில் ஒட்டிக்கொள்வதற்கு என்ன செய்வது என்பதே கேள்வி. குழியின் உட்சுவரில், ஊற்றும் திரவத்தின் மட்டத்திற்குச் சற்றுக் கீழே, 0.1 மில்லிமீட்டர் அளவே உள்நோக்கித் துருத்தும் வளையம் ஒன்றை அமையுங்கள். வில்லை அதைச் சுற்றி உலர்ந்து இறுகுவதால், போக்குவரத்தின் குலுக்கலில் மேலெழாது.

பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பில் நீர்க்கரைசல் நன்றாகப் படியாது என்பதாலும், உறைநிலையில் உலர்த்தும்போது வில்லை சுருங்குவதாலும், வழவழப்பான சுவரில் அதற்குப் பிடிமானம் இல்லாமல் போயிருக்கலாம்.

ஆயினும் குழியை வார்க்கும் அச்சைத் திருத்துமுன் பத்துக் குழிகளைக் கவிழ்த்து மெல்லத் தட்டிப் பாருங்கள். வில்லை முழுதாக விழுந்தால் குறை ஒட்டுதலில் உள்ளது. பொடியாக உதிர்ந்தால் குறை கலவையில் உள்ளது, அதற்கு டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையின் அளவை மாற்ற வேண்டுமே தவிர, எந்த வளையமும் உதவாது. மூடியைத் திறக்கும் கணத்தில் மட்டும் துள்ளினால் நிலைமின்னூட்டத்தைச் சந்தேகியுங்கள்.

வளையத்தின் விளிம்பை வளைவாக விடுங்கள். கூர்மையாக இருந்தால் மீண்டும் கரைக்கும்போது அங்கே காற்றுக்குமிழி தங்கி, ஒளி அளவீட்டைக் கெடுக்கும். பாலிபுரோப்பிலீன் நெகிழ்வதால் சிறிய வளையம் அச்சிலிருந்து இழுபட்டு வெளிவந்துவிடும். விறைப்பான பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனில் அது விரிசலிடக்கூடும். அச்சு எஃகில் வளையத்தை உருவாக்கும் பள்ளத்தைப் பின்னர் ஆழப்படுத்துவது எளிது, நிரப்புவது கடினம் என்பதால் சிறிய அளவிலிருந்தே தொடங்குங்கள்.