உரைநடையும் ஒளிப்படமும் கொண்ட சிற்றிதழை நடத்துவதில் நேரம் எதற்குச் செலவாகிறது?

நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்க இருப்பதாகவும், அதில் சிறுகதை, கட்டுரை, ஒளிப்படம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம் என்று முடிவு செய்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய இதழை நடத்துவதில் நேரம் எதற்குச் செலவாகும், எதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். ஒன்பது ஆண்டுகளாக இப்படியோர் இதழை, ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில், இன்னோர் ஆசிரியருடன் சேர்ந்து நடத்திவருகிறேன். இதுவரை 17 இதழ்கள் வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

வருகின்ற படைப்புகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதே ஆசிரியரின் பெரிய வேலை என்று நினைத்துத்தான் நாங்களும் தொடங்கினோம். தேர்வுக்கு நேரம் ஆகத்தான் செய்கிறது. ஆனால் உரைநடையை மட்டும் வெளியிடுபவருக்கும் ஒளிப்படத்தை மட்டும் வெளியிடுபவருக்கும் இல்லாத ஒரு பொறுப்பு, இரண்டையும் சேர்த்து வெளியிடுபவருக்கு உண்டு. ஒரு படத்தை ஒரு கதைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்த மாத்திரத்தில், எழுதியவரும் நினைக்காத, படமெடுத்தவரும் நினைக்காத ஒரு பொருள் அந்த இரு பக்கங்களுக்கிடையே உண்டாகிவிடுகிறது. அந்தப் பொருளை உண்டாக்கியவர் ஆசிரியர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் செலவாகிறது, செலவாகவும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் மூலம். மூன்றாவது இதழில், குடிப்பழக்கத்தால் குடும்பத்தைச் சிதைத்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றிய சிறுகதை ஒன்றை வெளியிட்டோம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், சுவரில் சாய்ந்து கண்களை மூடியபடி உட்கார்ந்திருக்கும் ஒரு நடுத்தர வயது மனிதரின் படத்தை வைத்தோம். படம் வேறொருவர் அனுப்பிய தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கதைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பக்க அமைப்பைப் பார்த்தபோது இரண்டும் பொருந்திவருவதாக எங்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். இதழ் வெளிவந்த இரண்டு வாரங்களில் அந்த ஒளிப்படக் கலைஞரிடமிருந்து கடிதம் வந்தது. படத்தில் இருப்பவர் இரவுப் பணி முடிந்து வந்து களைப்பில் அமர்ந்திருந்த அவருடைய அண்டை வீட்டுக்காரர். நம்பிக்கையுடன் தம்மைப் படமெடுக்க அனுமதித்த அவர், இப்போது தெரிந்தவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது. மின்பதிப்பை அன்றைக்கே திருத்தினோம். அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே வருத்தம் தெரிவித்தோம். அவருக்குத் தனியாகவும் எழுதினோம். அச்சில் போன பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை. இன்றைக்கும் அந்த இதழைக் கையில் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பத் தயங்குகிறேன்.

அதற்குப் பிறகு மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். நீங்கள் முதல் இதழிலிருந்தே இவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. முகம் அடையாளம் தெரியும் படம் எதையும் புனைகதைக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பதில்லை. படத்தில் இருப்பவரிடம் என்ன சொல்லி அனுமதி பெறப்பட்டது என்பதைப் படமெடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ‘இதழில் வரும்’ என்று சொல்வதற்கும் ‘கதையோடு வரும்’ என்று சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. மூன்றாவதாக, அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படியான மெய்ப்பை அனுப்பும்போது அவரவர் பக்கத்தை மட்டும் அனுப்பாமல் அதற்கு முன்னும் பின்னும் எதிரிலும் என்ன வருகிறது என்பதையும் சேர்த்தே அனுப்புகிறோம். எழுத்தாளருக்கும் அப்படித்தான், ஒளிப்படக் கலைஞருக்கும் அப்படித்தான். இதனால் ஒவ்வோர் இதழுக்கும் இரண்டு வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கின்றன.

இதைவிடச் சிறியது, ஆனால் அடிக்கடி நிகழ்வது, படத்தைக் கதைக்கு விளக்கப்படமாக ஆக்கிவிடுவது. கதையில் படகு வந்தால் படகின் படத்தைத் தேடும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அப்படி வைத்தால், வாசகர் தம் மனத்தில் கட்டிக்கொண்டிருந்த படகு கலைந்து, அச்சிலிருக்கும் படகு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. படமும் தன் சொந்த வாழ்வை இழந்து கதைக்கு ஊழியம் செய்யப் போய்விடுகிறது. இருவருக்குமே இது நட்டம்.

எங்கள் ஏழாவது இதழில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். தாயின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதைப் பற்றி ஒருவர் நீண்ட கட்டுரை அனுப்பியிருந்தார். அதே சமயத்தில், இடிக்கப்படவிருந்த ஒரு தெருவின் வீட்டுக் கதவுகளை மட்டும் எடுத்த எட்டுப் படங்கள் வேறொருவரிடமிருந்து வந்திருந்தன. முதலில் கட்டுரையின் பக்கங்களுக்கிடையே ஒவ்வொரு கதவாக வைத்துப் பார்த்தோம். படித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு கதவும் ‘மூடிய நினைவு’ என்று கூவுவதுபோல இருந்தது. மரத்தின் விரிசலையோ தாழ்ப்பாளின் துருவையோ யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பிறகு எட்டுப் படங்களையும் ஒரு சொல்கூட இல்லாமல் தொடர்ச்சியாக முன்னால் வைத்தோம். அடுத்து ஒரு வெற்றுப்பக்கம். அதன் பின் கட்டுரை, இடையில் எந்தப் படமும் இன்றி. கட்டுரையின் நடுப்பகுதியில் அந்தத் தாய் ஒரு கதவின் முன் நின்று, உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் விழிக்கும் வரி வருகிறது. அந்த இடத்தில் தாங்கள் பார்த்த கதவுகள் நினைவுக்கு வந்ததாக வாசகர்கள் பலர் எழுதினார்கள். பக்கத்தில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது; இருபது பக்கத் தொலைவில் வைத்ததால் நடந்தது.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1941-ல் வெளியான, அமெரிக்கக் குத்தகை விவசாயக் குடும்பங்களைப் பற்றிய நூலில், வாக்கர் எவன்ஸ் எடுத்த படங்கள் எந்தக் குறிப்பும் இல்லாமல் நூலின் முகப்பில் தனித்து நிற்கின்றன. ஜேம்ஸ் ஏஜியின் உரைநடை அவற்றுக்குப் பிறகே தொடங்குகிறது. படமும் எழுத்தும் சம தகுதியுடையவை, ஒன்றையொன்று சார்ந்து நிற்காதவை என்று ஏஜி தம் முன்னுரையில் சொல்லியும் இருக்கிறார். அந்த அமைப்பை நேரில் புரட்டிப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்தது.

வரிசையைத் தீர்மானிக்க ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். தேர்வான படங்களை உள்ளங்கை அளவில் அச்செடுத்து, கதை, கட்டுரைகளின் தலைப்புகளைத் தாளில் எழுதி, எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைக்கிறோம். ஒரே நாளில் முடிப்பதில்லை. மூன்று நாள்கள் அப்படியே விட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்து மாற்றுகிறோம். திரையில் இதைச் செய்ய முயன்று கைவிட்டோம். திரை இரண்டு பக்கங்களைத்தான் காட்டும். இதழ் முழுவதும் எப்படி மூச்சுவிடுகிறது என்பதை அது காட்டுவதில்லை.

அச்சிடப் போகிறீர்கள் என்றால் தாளைப் பற்றித் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். உரைநடைக்கு ஏற்ற தாள் வேறு, ஒளிப்படத்துக்கு ஏற்ற தாள் வேறு. மேற்பூச்சு இல்லாத தாள் கண்ணைக் கூசச் செய்யாது, நீண்ட கட்டுரையை அதில் சிரமமின்றிப் படிக்கலாம். ஆனால் அது மையை உறிஞ்சிக்கொள்வதால் அச்சுப் புள்ளிகள் விரிந்து, படத்தின் நிழற்பகுதிகள் ஒரே கருப்பாகக் கலந்துவிடும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் படம் துலங்கும்; எழுத்தைப் படிக்க விளக்கின் கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வகைத் தாள்களையும் கலந்து பயன்படுத்தினால் படங்கள் எல்லாம் தனித்தனிப் பாரங்களில், அதாவது ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதிகளில், ஒதுங்க வேண்டியிருக்கும். 16 பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கு உங்கள் வரிசையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். நாங்கள் மேற்பூச்சில்லாத, சற்றே கனமான ஒரே தாளுக்கு வந்துசேர்ந்தோம். அதற்கேற்ப ஒவ்வொரு படத்தின் நிழற்பகுதியையும் கொஞ்சம் வெளுப்பாக்கி, படமெடுத்தவரின் ஒப்புதலைப் பெற்று, உண்மையான தாளிலேயே மாதிரி அச்சு எடுத்துப் பார்க்கிறோம். பின்னாலிருந்து ஒளி வரும் திரையில் தெரிகிற கருப்பை நம்பி அச்சுக்கு அனுப்பக்கூடாது.

இரு பக்கங்களுக்கும் விரியும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகில் பசையிட்டுக் கட்டும் இதழில் நடுப்பகுதி உள்வாங்கிவிடும். அங்கே ஒரு முகம் இருந்தால் அது மறைந்தே போகும். நடுவில் பின் அடிக்கும் முறையில் இதழ் நன்றாக விரியும். ஆனால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், மிகத் தடிமனாகவும் போக முடியாது. அளவைப் பொறுத்தவரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழக்கப்படி 20 செ.மீ. அகலத்தில் ஒரு படத்தை அச்சிட ஏறக்குறைய 2,360 பிக்சல் அகலம் தேவை. செய்திச் செயலி வழியாக அனுப்பப்படும் படங்கள் சுருங்கிவிடுவதால் மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

திருத்தும் முறையிலும் இரண்டு கலைகளும் வேறுபடுகின்றன. ஒரு கட்டுரையில் ‘இந்தப் பத்தி முன்பே வரலாமா?’ என்று கேட்கலாம். எழுதியவர் மாற்றித் தருவார். ஒளிப்படத்தில் அப்படிக் கேட்க ஏதுமில்லை. எந்தப் படம், எத்தனை படம், எந்த வரிசை என்பதோடு ஆசிரியரின் உரிமை முடிந்துவிடுகிறது. பக்கத்துக்கு அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டுவதை, கதையின் கடைசிப் பத்தியைக் கேட்காமல் நீக்குவதற்கு இணையாகவே கருதுகிறேன். படம் அடங்காவிட்டால் பக்கத்தின் வெள்ளையைக் கூட்டுங்கள்.

அனுப்பியவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் எழுதிவிடுங்கள். ஏற்க இயலாது என்பதையும் எழுதுங்கள். பதிப்புரிமை படைத்தவருடையது, முதலில் வெளியிடும் உரிமையை மட்டும் கேளுங்கள். இதழ்களை அடையாளப்படுத்தும் ஐ.எஸ்.எஸ்.என். எனும் எட்டிலக்க எண்ணைப் பெற்றுவிட்டால் நூலகங்களில் பட்டியலிட எளிது. அச்சுக்கும் மின்பதிப்புக்கும் தனித்தனி எண் வேண்டும்.

சந்தாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னும் உருவாகாத ஓர் இதழுக்கு முன்கூட்டியே பெறும் பணம் அது. கடனாகவே அதை எண்ண வேண்டும். ‘ஓராண்டுச் சந்தா’ என்று வாங்காமல் ‘நான்கு இதழ்களுக்கு’ என்று வாங்குங்கள். ஒருவருக்கு உடல்நலம் கெட்டு இதழ் மூன்று மாதம் தள்ளிப்போனாலும் யாருடைய பணமும் வீணாகாது. அந்தப் பணத்தைத் தனிக்கணக்கில் வைத்து, ஓர் இதழ் அஞ்சலில் சேர்ந்த பிறகே அதற்குரிய பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் படிப்பார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸ் 1903-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘கேமரா வொர்க்’ இதழ், மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சான படங்களைக் கையால் ஒட்டி வெளியிடும் அளவுக்கு அக்கறையுடன் தயாரிக்கப்பட்டது. 1912-ன் சிறப்பிதழ் ஒன்றில் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் உரைநடைச் சித்திரங்களையும் வெளியிட்டது. ஒரு காலத்தில் ஆயிரம் பேரை நெருங்கிய அதன் சந்தாதாரர் எண்ணிக்கை, 1917-ல் நின்றபோது 40-க்கும் கீழே இறங்கியிருந்தது. நம் மொழியில், சி. சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய ‘எழுத்து’ 1970-ல் நின்றது. இவ்விரு இதழ்களையும் இன்றைக்கும் தேடிப் படிக்கிறார்கள். எங்களுக்குச் சந்தாதாரர்கள் 212 பேர். அந்த எண்ணிக்கை போதுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்ட காலம் உண்டு. இப்போது ஒவ்வோர் உறையிலும் முகவரியைக் கையால் எழுத முடிகிற எண்ணிக்கை அது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இருவரும் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்பதை. நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: படைப்பைத் தேர்வதில் ஒருவர் விரும்பினால் போதும், மற்றவர் விட்டுக்கொடுப்பார், எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதில் இருவரும் உடன்பட்டால்தான் அச்சுக்குப் போகும். அத்துடன், முதல் இதழை அறிவிப்பதற்கு முன்பே இரண்டாவது இதழுக்கான படைப்புகளில் பாதியையாவது கையில் வைத்திருங்கள்.

சென்ற இதழில் ஓர் ஒளிப்படக் கலைஞர், மெய்ப்பைப் பார்த்துவிட்டு, தம் படம் அந்தக் கதைக்கு எதிரில் வர வேண்டாம் என்று எழுதினார். காரணம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அச்சுக்கு மூன்று நாள்களே இருந்தன. அவருடைய படத்தை இதழின் கடைசிக்குக் கொண்டுபோய்த் தனியாக வைத்தோம். கதைக்கு எதிரில் இருந்த பக்கத்தை வெறுமையாகவே விட்டோம்.