அங்கே தேர்தல் நடக்கிறதாம், முற்பணம் கட்டலாமா?

கேள்வி: மகன் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். வட சைப்பிரஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிக்க இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். துருக்கிப் படை பிடித்து வைத்திருக்கும் இடம், உலகம் ஏற்காத நாடு என்று என் தம்பி தடுக்கிறான். முகவரோ, “அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது. பதவியில் இருப்பவரே தோற்றுப்போகிறார். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு எப்படிச் சட்டவிரோதமாகும்? 1988இல் இந்தியப் படை நிற்கும்போது வடக்குக் கிழக்கிலும்தான் தேர்தல் நடந்தது. அதைச் செல்லாது என்றார்களா?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 6 இலட்சம் ரூபாய் முற்பணத்தை மாத முடிவுக்குள் கட்ட வேண்டுமாம். பதிவுக்கென்று கடவுச்சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். கட்டலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம், கீழே நான் சொல்லும் கடிதத்துக்குப் பதில் வரும்வரை ஒரு சதமும் கட்டாதீர்கள்.

உங்கள் முகவர் கெட்டிக்காரர். மற்றவர்கள் விடுதி, பகுதிநேர வேலை, கடற்கரைப் படம் என்று பேசுவார்கள். இவர் சர்வதேசச் சட்டம் பேசுகிறார். அதில் பாதி சரியாகவும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குப் பதில் வரவில்லை.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வட சைப்பிரஸில் நடப்பது நாடகத் தேர்தல் அல்ல. 2010, 2015, 2020, 2025 என்று தொடர்ந்து நான்கு முறை பதவியில் இருந்தவர் தோற்றிருக்கிறார். கடைசியாக 2025 ஒக்டோபரில் எர்சின் தத்தாரைத் துஃபான் எர்ஹுர்மன் தோற்கடித்தார். 2020இல் துருக்கி தலையிட்டது என்று தோற்றவரே குற்றஞ்சாட்டினார். அதை ஒருபுறம் வைத்துவிட்டாலும், ஆட்சியில் இருப்பவர் இப்படி வரிசையாகத் தோற்பது பல ‘முறையான’ நாடுகளிலேயே காணக் கிடைக்காதது.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வாக்கு ஒழுங்காக எண்ணப்பட்டதா என்பதல்ல. வாக்குப்பெட்டியை அங்கே வைக்க யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதே. உங்கள் தொடர்மாடி வீட்டின் பூட்டை உடைத்து ஒரு கூட்டம் உள்ளே குடியேறிவிட்டது என்று வையுங்கள். அவர்கள் ஆண்டுதோறும் கூடி, கை உயர்த்தி, மிக நேர்மையாக ஒரு செயலாளரைத் தெரிவு செய்கிறார்கள். செயலாளர் தெரிவு நேர்மைதான். அதற்காகக் காணி உறுதி அவர்கள் பெயருக்கு மாறிவிடாது.

சைப்பிரஸில் நடந்தது இது. 1974 ஜூலை 15இல் கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அங்கே ஒரு சதிப்புரட்சி நடந்தது. ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்திறங்கியது. 1963 முதல் தீவின் சிறுபான்மையினரான துருக்கிய சைப்பிரஸ் மக்கள் பட்ட துன்பம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் துருக்கிப் படையின் கையில் இருந்தது. 1983 நவம்பர் 15இல் அந்தப் பகுதியைத் தனிநாடு என்று அறிவித்தார்கள். மூன்றே நாளில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 541ஆம் இலக்கத் தீர்மானத்தில் அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்றது, எந்த நாடும் அதை அங்கீகரிக்க வேண்டாம் என்றும் கேட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் 550ஆம் இலக்கத் தீர்மானம் வந்தது. அங்கே நடத்தத் திட்டமிட்டிருந்த அரசியலமைப்பு வாக்கெடுப்பையும் தேர்தலையும் பற்றி அதில் கவலை தெரிவிக்கப்பட்டிருக்கிறது. கவனியுங்கள், ‘தேர்தல்’ என்ற சொல்லையே மேற்கோள் குறிக்குள்தான் போட்டார்கள். முகவரின் வாதத்துக்குப் பாதுகாப்புச் சபை 1984இலேயே பதில் எழுதிவிட்டது. இன்றுவரை அதை நாடென்று ஏற்றிருப்பது துருக்கி ஒன்றுதான். பாகிஸ்தானும் ஏற்றிருக்கிறது என்று யாராவது சொன்னால், அது இரண்டு தீர்மானங்களையும் எதிர்த்து வாக்களித்ததோடு சரி, அங்கீகாரம் கொடுக்கவில்லை.

இதன் பின்னால் உள்ள சட்டம் சிக்கலானதல்ல. ஒரு நிலத்தைப் பிடித்த படை அங்கே காவல்காரன் மட்டுமே, உரிமையாளன் அல்ல. தவிர்க்க முடியாத காரணம் இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ள சட்டத்தை அது மதிக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்த இடத்தில் புதிய ஆட்சி அமைப்பை உருவாக்கி அதைக் காட்டி மக்களின் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்பது 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 47ஆம் பிரிவு. வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். வடக்கில் இருந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்பிரஸ் மக்கள் வீடு விட்டுத் தெற்குக்கு ஓடினார்கள். அவர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. துருக்கியிலிருந்து பின்னர் குடியேறிக் குடியுரிமை பெற்றவர்களுக்கு வாக்குண்டு. மக்கள் இடம்பெயர்ந்தால் பட்டியல் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2020இல் 7 ஆசனங்கள் இருந்தன, 2024இல் 6.

அடுத்த முறை முகவர், அந்நியப் படை நிற்கும்போதே தேர்தல் நடந்த 1946 ஜப்பான், 2005 ஈராக் என்று வருவார். அங்கெல்லாம் படை புகுந்த நாடு அதே நாடாகவே இருந்தது, ஒரு துண்டை வெட்டி எடுத்துப் புதுப் பெயர் சூட்டவில்லை. அதோடு விட்டுவிடுங்கள். உக்ரைனைச் சொன்னால் மட்டும் சற்று நின்று பதில் சொல்லுங்கள். 2022 செப்டெம்பரில் நான்கு மாகாணங்களில் ரஷ்யா நடத்திய வாக்கெடுப்பை, ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 143 வாக்குகளால் செல்லாது என்றது. எதிர்த்தவை 5 நாடுகள். வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35, அவற்றில் இலங்கையும் ஒன்று. “நம் அரசாங்கமே தவறென்று சொல்லவில்லையே” என்று இதைத் திருப்புவார்கள். ஒதுங்கி நிற்பது அங்கீகாரம் ஆகாது. நமது வெளிநாட்டுக் கொள்கை பெரும்பாலும் மழைக்கு ஒதுங்குவதுதான். அதைக் காட்டி யாரும் உங்களிடம் 6 இலட்சம் கேட்கக் கூடாது.

இனி 1988. தமிழ் வீடுகளில் இதைச் சொன்னால் வாய் அடைத்துவிடும் என்று முகவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே இதை அவசரமாகக் கடக்க மாட்டேன்.

இந்திய அமைதிப் படை சட்டப்படி ஆக்கிரமிப்புப் படை அல்ல. 1987 ஜூலை 29இல் கொழும்பில் ஜே.ஆர். ஜயவர்தனவும் ரஜீவ் காந்தியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் கீழ், இலங்கை அரசின் சம்மதத்தோடு வந்த படை அது. அந்தப் படை நம் மக்களுக்கு என்ன செய்தது என்பது வேறு கணக்கு. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் இருந்தவர்களிடம் ‘சம்மதத்தோடு வந்த படை’ என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்கள். ஆனால் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: அழைத்து வந்ததா, அழைக்காமல் வந்ததா. அடுத்து, வாக்குப்பெட்டியை வைத்தது யார்? இந்தியா அல்ல. இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும், இலங்கையின் தேர்தல் ஆணையாளரும். நிலம் யாருடையது என்ற கேள்வி அந்தத் தேர்தலில் எழவே இல்லை.

அப்படியானால் 1988 நவம்பர் 19இல் நடந்த வடக்குக் கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நல்ல தேர்தலா? அதுவும் இல்லை. வடக்கின் ஐந்து மாவட்டங்களில் ஒருவரும் வாக்களிக்கவில்லை. 36 ஆசனங்களும் போட்டியின்றிப் போயின. விடுதலைப் புலிகள் தேர்தலை நிராகரித்திருந்தார்கள். நின்றால் ஒரு துப்பாக்கி, நிற்காவிட்டால் இன்னொரு துப்பாக்கி என்பதுதான் அன்றைய நிலை. கிழக்கில் மட்டும் வாக்குப்பதிவு நடந்தது. டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச் 1இல் அவர் தன்னிச்சையாகத் தனிநாட்டுப் பிரகடனம் செய்தார். அதே மாதம் 24ஆம் திகதி கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினார். சபையும் போயிற்று.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே பெட்டியை வைத்தவருக்கு அதிகாரம் இருந்தது, வடக்கில் வாக்குத்தான் இல்லை. அங்கே வாக்கு தாராளமாக இருக்கிறது, பெட்டியை வைத்தவருக்கு அதிகாரம் இல்லை. ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்த முடியாது. முகவர் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே மருந்துச் சீட்டைக் காட்டுகிறார்.

இதோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக எழுதி முடித்திருப்பேன். ஆனால் 2006 ஒக்டோபரில் நமது உயர் நீதிமன்றம், வடக்கையும் கிழக்கையும் இணைத்த கட்டளையே செல்லாது என்றது. தேர்தல் நடந்து, சபை கலைந்து, ஒரு தலைமுறையே நாடு கடந்துபோன பிறகு, பதினெட்டாம் ஆண்டில் அத்திவாரம் பிழை என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வடக்குக்குத் தனியாக 2013இல் ஒரு தேர்தல் வைத்தார்கள். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. எல்லை நிர்ணயம் என்று ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, இதை எழுதும்வரை மறு தேர்தல் இல்லை. எந்த வெளிநாட்டுப் படையும் வழிமறிக்கவில்லை. சட்டம் இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது, வாக்காளர் இருக்கிறார்கள். மாணவர்கள் என்னிடம் ஆக்கிரமிப்புத் தேர்தல் பற்றிக் கேட்கும்போது இதைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். சரி, உங்கள் மகனுக்கு வருவோம்.

அங்கீகாரம் இல்லாத இடத்தால் உங்கள் மகனுக்கு வரும் தொல்லைகள் புத்தகத் தொல்லைகள் அல்ல. சேர்க்கைக் கடிதத்தின் முகவரியைப் பாருங்கள். ‘மேர்சின் 10, துருக்கி’ என்று இருக்கும். அந்தப் பகுதிக்கு நேரடித் தபால் கிடையாது, துருக்கி வழியாகத்தான் போகும். இதைக் காட்டி “பல்கலைக்கழகம் துருக்கியில்தான்” என்பார்கள். அல்ல. விமானமும் துருக்கியில் இறங்கித்தான் போக வேண்டும். அப்படி எர்ஜான் விமான நிலையத்தில் இறங்கியவரைச் சைப்பிரஸ் குடியரசு சட்டவிரோதமாக நுழைந்தவராகவே பார்க்கிறது. நமது அரசாங்கம் அங்கீகரிப்பது அந்தக் குடியரசைத்தான். வடக்கில் மகனுக்கு ஏதும் நேர்ந்தால் தட்டுவதற்கு இலங்கைத் தூதரகக் கதவு அங்கே இல்லை.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. “சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவுக்குப் போகலாம்.” சைப்பிரஸ் 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்தது உண்மை. வடக்கில் ஒன்றியத்தின் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதும் அதே அளவு உண்மை. வடக்கின் மாணவர் அனுமதியோடு தெற்குக்கு நடந்து போக முடியாது. நடுவில் பச்சைக் கோடு என்ற பிரிப்பு எல்லை, ஐக்கிய நாடுகள் படை. முதலாம் ஆண்டுக் கட்டணத்தோடு கைகழுவும் முகவர்கள், இரண்டாம் ஆண்டு கட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளையிடம் “இரவில் கோட்டைத் தாண்டி அகதி விண்ணப்பம் போடு” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், அதற்கும் ஒரு கட்டணம். பிள்ளை படிக்கப் போனதாகத்தான் தாய் நினைத்துக்கொண்டிருப்பார்.

நொத்தாரிசு முத்திரையைக் கண்டும் மயங்காதீர்கள். கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்குத்தான் அது சாட்சி, எழுதியிருப்பது உண்மை என்பதற்கல்ல. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டியிருந்தாலும், அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது. பட்டம் செல்லும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

அங்குள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாமே போலி என்று நான் சொல்லவில்லை. சில நன்றாகவே நடக்கின்றன, சிலவற்றைத் துருக்கியின் உயர்கல்விச் சபை ஏற்றிருக்கிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், பாடநெறியின் பெயர் இரண்டையும் எழுதி, கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். இந்தப் பட்டத்தை இலங்கையில் ஏற்பீர்களா என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நாளாகும், அதற்காகத் தொலைபேசியில் யாரோ சொன்ன ‘ஓம்’ போதும் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வேண்டும். மாத முடிவு என்ற கெடு முகவர் வைத்தது.

கடைசியாக, கடவுச்சீட்டு. உங்கள் கேள்வியில் என்னைத் திடுக்கிட வைத்தது அதுதான். பதிவுக்குப் பிரதி போதும், மூலத்தை வைத்திருக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. நாளைக் காலையே தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள். நாளை மறுநாள் வாருங்கள் என்றால், அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.