தொழுவத்துக்கு கரண்ட் கொண்டுபோவது எப்படி? – வீட்டு மின்சாரக் கேள்வி பதில்

கேள்வி: புறவாசலில் இருந்த பழைய தொழுவத்தைத் துணி துவைக்கவும் மாவு அரைக்கவும் அறையாக்கிவிட்டோம். வீட்டிலிருந்து 22 மீட்டர் தூரம். வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், 1 எச்.பி. கிணற்று மோட்டார் எல்லாம் அங்கேதான். சமையலறை பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, எர்த் மட்டும் புதிதாகப் போட்டுவிட்டால் பயமில்லை என்கிறார்கள். சரியா? (வாசகி, சேரன்மகாதேவி)

பதில்: சமையலறை பிளக்கிலிருந்து வேண்டவே வேண்டாம். வெந்நீரில் துவைக்கும் மெஷின் என்றால் அதன் ஹீட்டர் மட்டுமே சுமார் 2,000 வாட், அதாவது 9 ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 4, மோட்டார் 6 என்று சேர்த்தால் 20 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். கிரைண்டர் ஒரு ஆம்பியருக்குள் அடங்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும்; மற்றவையும் அப்போது ஓடினால் 50 ஆம்பியர்.

ஏற்ற இறக்கம் சேர்த்து உங்களுக்கு 28 மீட்டர் கேபிள் வேண்டும். கரண்ட் போக வர 56 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் மோட்டார் கிளம்பும்போது 34 வோல்ட் வழியிலேயே போய்விடும். சாயங்காலம் 190 வோல்ட் வருகிற தெருவில் மோட்டாருக்கு 156தான் மிஞ்சும். அது சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகும். 6 சதுர மி.மீ. என்றால் இழப்பு 9 வோல்ட்டுக்குள்.

அதனால் கடையில் ‘ஆறு ஸ்கொயர், மூணு கோர், காப்பர் ஆர்மர்டு கேபிள்’ என்று கேளுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் 10 சதுர மி.மீ. அலுமினியம் வாங்கலாம், மின்தடை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அலுமினிய முனையை வெறுமனே எம்.சி.பி.யில் (கரண்ட் அளவு மீறினால் தானே ஆஃப் ஆகும், அதாவது ‘விழும்’ சுவிட்ச்) சொருகக் கூடாது. நாள் போகப்போகத் திருகு தளர்ந்து சூடேறும். பைமெட்டல் லக் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த முனை) அடித்துத்தான் மாட்ட வேண்டும். மூன்று கோரில் ஒன்று எர்த்துக்கு. நிறம் குழம்பாமலிருக்க இரண்டு முனையிலும் நியூட்ரலுக்குக் கறுப்பு டேப்பும் எர்த்துக்குப் பச்சை டேப்பும் சுற்றச் சொல்லுங்கள்.

குழி 75 செ.மீ. ஆழம். அடியில் 8 செ.மீ. மணல், அதன்மேல் கேபிள், மறுபடி 8 செ.மீ. மணல், மேலே செங்கல் வரிசை, பாதி மூடியதும் எச்சரிக்கை டேப். சலித்த எம்-சாண்டே போதும். வெறும் பி.வி.சி. குழாயில் ஒயரை விட்டு ஒரு சாண் ஆழத்தில் புதைப்பதைப் பல வீட்டில் பார்க்கலாம். மழைக்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும், பெருச்சாளி கடிக்கும், வாழைக்குக் குழி எடுக்கும்போது மண்வெட்டி படும். ஆர்மர்டு கேபிளின் இரும்பு உறையை இரு முனையிலும் கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பிடி) போட்டு எர்த்தோடு சேர்க்க மறக்காதீர்கள்.

இனி எர்த். இதில்தான் உயிர் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், 2.5 மீட்டர் நீளம், சுற்றிக் கரியும் உப்பும், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. இவ்வளவும் செய்தாலும் கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை 20 ஓம் வரை ஏறலாம். மெஷின் உடம்பில் பேஸ் பட்டதென்று வையுங்கள். கரண்ட் உங்கள் எர்த் வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்பார்மர் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே 2 ஓம் என்றால் மொத்தம் 22. 230ஐ 22ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையவே அசையாது. மெஷின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு தொடுவது நீங்கள்.

ஆகவே எர்த் மட்டும் போதாது. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) கட்டாயம். அதே 20 ஓம் எர்த்தில் கசிவு மெல்ல ஏறி அது விழும்போது உடம்பில் 1 வோல்ட்கூட இருக்காது. மாதம் ஒருமுறை ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

போர்டு அமைப்பு: வீட்டு மெயினில், வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தே எடுத்து, 32 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்.சி.பி., அதோடு 100 மில்லி ஆம்பியர் எஸ் வகை ஆர்.சி.சி.பி. இது கேபிளுக்குக் காவல். சற்றுத் தாமதித்து விழும் வகை என்பதால் தொழுவத்தில் கோளாறு வந்தால் அங்குள்ளதுதான் முதலில் விழும், வீடு இருளாது. தொழுவத்தில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதற்குப் பிறகு மெஷினுக்கு 16, அயர்ன் பிளக்குக்கு 16, மோட்டாருக்கு சி வகையில் (கிளம்பும் நொடி இழுப்புக்கு விழாதது) 16, லைட்டுக்கு 6 என நான்கு எம்.சி.பி. உள்ளே பவர் பிளக்குக்கும் மோட்டாருக்கும் 2.5 சதுர மி.மீ., லைட்டுக்கு 1.5.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் உங்கள் சுவரில் ஏறிய அடையாளம் இருந்தால், போர்டும் பிளக்கும் அதற்கு மேலே இருக்கட்டும். வேலையை உரிமம் உள்ள ஒயர்மேனிடம் கொடுங்கள். மீட்டருக்கு அனுமதித்த லோடு இதற்குப் போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் இடம் முழுக்கப் பாறை, குழி எடுக்க முடியாது. முருங்கை மரத்தில் கட்டி மேலாக ஒயர் கொண்டுபோகலாமா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: மரத்தில் கட்டாதீர்கள். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் அடிக்கிற கணவாய்க் காற்றுக்கு முருங்கைக் கிளை முறியும். முறியாவிட்டாலும் உரசி உரசி ஒயரின் தோல் தேயும். காம்பவுண்டு சுவரை ஒட்டி அதே ஆர்மர்டு கேபிளை, அரை மீட்டருக்கு ஒரு கிளாம்பு அடித்துக் கொண்டுபோங்கள். எர்த்துக்கு 2.5 மீட்டர் இறங்காவிட்டால் குட்டைக் குழாய் மூன்று போட்டு இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே குழாய் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும்; நெருக்கிப் போட்டால் மூன்று போட்டும் முழுப் பலன் கிடைக்காது.

கேள்வி: வெளி அறை லைட்டை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்தோம். போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழுகிறது. பழுதா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பழுதில்லை. பேஸ் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது, நியூட்ரலோ அந்த அறை ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்புகிறது. போனதும் வந்ததும் பொருந்தாததால் கசிவு என்று அது எடுத்துக்கொள்கிறது. இன்வெர்ட்டர் லைட்டுக்குப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் தனி ஒயராக வீட்டிலிருந்தே கொண்டுபோய், அந்த அறையின் நியூட்ரல் கட்டையில் சேர்க்காமல் விடுங்கள். விழாமலிருக்க நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கைவைக்க விடாதீர்கள். அந்த எர்த் கம்பி எங்காவது அறுந்தால், அதோடு சேர்ந்த மெஷின் உடம்பெல்லாம் பேஸ் ஏறிவிடும்.