பட்டன் வைக்க ஒரு பாடமா?

(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: சேலத்தில் கணினி அறிவியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக 'அட்வான்ஸ்டு ஜியூஐ புரோகிராமிங்' (கிராபிகல் யூசர் இன்டர்ஃபேஸ், அதாவது பட்டன், மெனு உள்ள திரைகளை எழுதுவது) எடுக்க ஆசை. சீனியர்களோ, "பட்டனை இழுத்து வைக்க ஒரு பாடமா, அதுவும் ஜாவா ஸ்விங், இப்போது யார் அதில் எழுதுகிறார்கள்" என்கிறார்கள். எடுக்கலாமா?
- ஒரு மாணவி, அம்மாபேட்டை

பதில்: தாராளமாக எடுங்கள். ஜாவாவில் இப்படித் திரைகளை எழுத உதவும் ஸ்விங் பழையதுதான், 1998இல் ஜாவா 1.2 உடன் வந்தது. ஆனால் அந்த வகுப்பில் நீங்கள் உண்மையில் கற்கப்போவது ஸ்விங் இல்லை. இதுவரை எழுதிய புரோகிராம்களை நினைத்துப் பாருங்கள், மேலே தொடங்கும், நடுவில் ஓர் எண்ணைக் கேட்கும், விடையைப் போட்டுவிட்டுக் கீழே முடிந்துபோகும். திரை வைத்த புரோகிராம் அப்படி முடிவதில்லை, அது காத்துக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எதை முதலில் தொடுவார், எதைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார், எப்போது "ஐயோ, தப்பு, பழையபடி ஆக்கு" என்பார், எதுவும் உங்கள் கையில் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். அந்த 'பழையபடி ஆக்கு' ஒன்றைச் சரியாக எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு செயலையும் தனிப் பொருளாக எடுத்து வைத்து, திரும்பப் போகும் வழியையும் அதற்குள்ளேயே எழுத வேண்டியிருக்கும். இழுத்து வைக்கும் கருவி எதுவும் இதைச் செய்து தராது.

தரவு வேறு, அதைக் காட்டும் திரை வேறு என்று பிரித்து எழுதும் முறையை நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி வைத்தார். இன்றைக்கு மொபைல் ஆப் திரைகளை எழுத உதவும் ஃபிளட்டரிலும் ஜெட்பேக் கம்போஸிலும் நிலை மாறினால் திரை தானாக மாறுகிறது என்கிறார்களே, எழுதும் விதம் வேறு என்றாலும் தரவையும் திரையையும் பிரித்து வைக்கும் கவலை அதேதான். ஸ்விங்கில் ஒருமுறை கைப்பட எழுதியவருக்கு அது ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

என் அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் பெயர், ஊர், போன், அதற்குக் கீழே சரக்கு, எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி என்று வரிசையாகப் பெட்டிகள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துப் போனால் முதலாளி ஒரு துண்டுத்தாளில் எடையைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அரைநாள் பேசாமல் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. அங்கே எல்லாம் தராசில் இருந்துதான் தொடங்குகிறது, எடை, டச், கூலி, அதற்கப்புறம் பேரம், பெயர் கடைசியில், பல சமயம் கேட்பதே இல்லை. ஒரு கையில் கொலுசு இருப்பதால் மவுஸைத் தொடவும் முடியாது. எடைப் பெட்டியை மேலே கொண்டுவந்தேன், என்டர் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போகிற மாதிரி மாற்றினேன், துண்டுத்தாள் போய்விட்டது. மாற்றியது மொத்தம் முப்பது வரி இருக்கும்.

தமிழில் திரை செய்தால் இன்னொன்றும் கற்றுக்கொள்வீர்கள். 'கொலுசு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாவிடம் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும், ஏனென்றால் கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் க, ொ, ல, ு, ச, ு என்று ஆறு குறிகள். ஐந்து குறிகளோடு வெட்டினால் 'கொலுச' என்று நிற்கும். க-வுக்கு இரண்டு பக்கமும் தெரிகிற அந்த ஒகரக் குறி சேமிப்பில் ஒன்றே ஒன்று, அதுவும் க-வுக்குப் பின்னால்தான் இருக்கும், எனவே கர்சரை எங்கே நிறுத்துவது, பேக்ஸ்பேஸ் தட்டினால் எவ்வளவு அழிப்பது என்பதெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலச் சொல் அடங்கிய அளவுக்கு அகலம் வைத்த பட்டனில் 'சேமிக்கவும்' அடங்காமல் பாதியில் நிற்பதையும் பார்ப்பீர்கள். பெட்டி, பட்டன்களின் இடத்தையும் அளவையும் பார்த்துக்கொள்ளும் 'லேஅவுட் மேனேஜர்' என்று ஓர் அத்தியாயம் வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

புராஜெக்டுக்கு நூலக மேலாண்மை மட்டும் வேண்டாம். உங்கள் தெருவிலேயே தறிக்கணக்கு எழுதுகிறவர் யாராவது இருப்பார், அவருக்குச் செய்யுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட்டின் பழைய மழைப் பதிவேடுகளைப் போட்டோ எடுத்து, ஸ்விங்கில் ஒரு வியூவர் எழுதினேன். 'திற' பட்டனை அழுத்தியதும் விண்டோ உறைந்துபோய் 'நாட் ரெஸ்பாண்டிங்' வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாப் படமும் வந்துவிடுகிறது. கோடில் எங்கே தப்பு?
- ஒரு மாணவர், ஏற்காடு

பதில்: கோடு சரி, அது ஓடும் இடம்தான் தப்பு. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் பைக்கில் வருகிறவரும் நின்றுதானே ஆக வேண்டும்? ஸ்விங்கில் கிளிக், டைப்பிங், திரையை மறுபடி வரைவது எல்லாமே 'ஈவென்ட் டிஸ்பேட்ச் திரெட்' என்ற ஒரே பாதையில்தான் போகும். உங்கள் லிசனருக்குள் (பட்டனை அழுத்தியதும் ஓடும் பகுதி) இருநூறு படத்தைப் படித்தால், முடியும்வரை அந்தப் பாதை அடைபட்டுக் கிடக்கும், விண்டோவை மூடக்கூட முடியாது. வேலையைப் பின்னணியில், அதாவது வேறு பாதையில் ஓட்டித் தரும் ஸ்விங்வொர்க்கர் எடுங்கள். அதன் மெத்தடுகளில், படங்களைப் படிக்கும் வேலை டூஇன்பேக்கிரவுண்டில், ஒவ்வொரு படம் தயாரானதும் பப்ளிஷ், திரையில் சேர்ப்பது புராசஸில். பின்னணித் திரெட்டில் இருந்து லேபிளையோ லிஸ்ட்டையோ நேரடியாகத் தொடாதீர்கள், பத்து முறை ஓடும், பதினோராவது முறை காரணம் தெரியாமல் கவிழும். 'நிறுத்து' பட்டனும் வையுங்கள். 0.1 நொடிக்குள் ஏதாவது அசைந்தால் மனிதருக்கு உடனே நடந்ததாகத் தோன்றும், அதைத் தாண்டும் எதையும் பின்னணிக்குத் தள்ளுவது என் வழக்கம். ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான், தொட்டதற்கு 5 நொடி பதில் இல்லையென்றால் ஆப்பை மூடலாமா என்று போனே கேட்டுவிடும்.

கேள்வி: மகன் இந்த ஜியூஐ பாடம் எடுத்திருக்கிறான். பெயரிலேயே 'கிராபிகல்' இருப்பதால் கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கவா?
- ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம் சார். இந்தப் பாடத்தின் கிராபிகல் என்பது பட்டன், பெட்டி, மெனு, முப்பரிமாண விளையாட்டு இல்லை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள சாதாரண லேப்டாப்பில் ஸ்விங்கும், அதைப் போலத் திரை எழுத உதவும் க்யூட்டியும் நன்றாக ஓடும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் (கணினிக்குள்ளேயே ஓடும் மாதிரிப் போன்) தேவைப்பட்டால் 16 ஜிபி பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு செகண்ட்ஹேண்ட் மானிட்டர் வாங்கிக் கொடுங்கள், ஒரு திரையில் கோடு, இன்னொன்றில் ஓடுகிற புரோகிராம் என்று வைத்துப் பார்க்கலாம், பெரிய திரையில் சரியாக இருந்தது சின்னத் திரையில் எப்படிக் கலைகிறது என்பதும் தெரியும்.