பழைய பாவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் காபித் தோட்டங்களை ஒட்டிய ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். கற்றலைப் பற்றிக் கோட்பாடு சொன்ன உளவியலாளர்கள் ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி எல்லோரையும் தேர்வுக்குப் படித்திருக்கிறேன். வகுப்பில் யாரைப் பின்பற்றுவது? பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து உட்கார வைக்கலாமா? இங்கே பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அடிப்படையே இல்லை. ஒரு பையன் 38ஐ 6ஆல் பெருக்கி 1848 என்று எழுதுகிறான். வேடிக்கை என்னவென்றால், மாலையில் பழம் எடை போடும் இடத்தில் தன் அம்மாவின் கூலியை மேஸ்திரி கணக்கிட்டு முடிப்பதற்குள் அதே பையன் சொல்லிவிடுகிறான். இவர்களுக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும்?

ம., ஏற்காடு

அன்புள்ள ம.,

போன வாரம் அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டுக்குப் போயிருந்தேன். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தொகுதியான பாவைப் புதிதாகப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. யாரைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. வாய்ப்பாடு நாவில் ஏற வேண்டுமானால் ஸ்கின்னர் சொன்னதுபோலச் சிறு சிறு படிகளும், விடை சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்வதும் உதவும். பியாஜேயும் வைகாட்ஸ்கியும் 1896இல் பிறந்தவர்கள். அவர்களை எதிரெதிரே நிறுத்தி வேறுபாடு கேட்பது தேர்வுத்தாளின் வேலை. உங்களுக்கு இருவரும் வேண்டும்.

என்னைச் சுட்டது வேறு ஒரு வரி. “அடிப்படையே இல்லை” என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அடுத்த வரியிலேயே அந்தப் பையனின் அடிப்படையை நீங்களே எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். காட்டிவிட்டு அதற்கு வேடிக்கை என்றும் பெயர் வைத்துவிட்டீர்கள்.

அந்த 1848ஐ எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள். ஆறெட்டு நாற்பத்தெட்டு, சரி. ஆறு மூன்று பதினெட்டு, அதுவும் சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறான். வாய்ப்பாட்டில் ஒரு பிழை இல்லை. 38இல் இருக்கும் 3 முப்பது என்பது மட்டும் அந்தத் தாளில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பியாஜே இளைஞராகப் பாரிசில் அறிவுத்திறன் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் இருந்தபோது, அவரை ஈர்த்தவை பிள்ளைகள் சொன்ன தவறான விடைகள்தான். அந்தத் தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நீங்கள், பையனின் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பீர்கள். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது, மறைக்கவில்லை.

உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகளைப் பிரேசிலில் ஆராய்ந்திருக்கிறார்கள். ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி கராஹர் தம்பதியும் ஸ்லீமனும் எழுதிய ஆய்வு 1985இல் வெளிவந்தது. 35 குருசேரோ (பிரேசிலின் அப்போதைய பணம்) வீதம் பத்துத் தேங்காய் என்ன விலை என்று ஒரு பையனிடம் கேட்டார்கள். அவன் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்க்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று ஏறிப்போய் 350இல் நின்றான். கடையில் கேட்டபோது இந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரி. கடையில் இருந்த மூளைதானே தாளின் முன்னாலும் இருந்தது?

என் பாட்டி பட்டுத்தறிக்குப் பாவு பிணைப்பவள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நூல்களை, நூலைத் தூக்கி இறக்கும் விழுதிலும் ஊடை இழையை நெருக்கி அடிக்கும் அச்சிலும் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் பழைய நூலின் நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்குவாள். ஆயிரக்கணக்கான நூல்கள். எல்லாம் முடிந்து மெல்ல இழுத்தால், பழையது புதியதைத் தன் பின்னால் விழுதுக்குள் கூட்டிக்கொண்டு வரும். பத்து வயதில் ஒருநாள் தறியைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த மிச்ச நூல்களைக் கத்தரித்து எறிந்துவிட்டேன். பாட்டி என்னை அடிக்கவில்லை. இரண்டு நாள் குனிந்த முதுகோடு ஒவ்வொரு நூலாக விழுதில் கோத்தாள். பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்களில் நீர் வடிந்துகொண்டே இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பள்ளியில் ஓர் ஆசிரியர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அவர் சொன்னதும் நீங்கள் எழுதிய அதே இரண்டு சொற்கள்தான். தறி வீட்டில் நூல் எண்ணி, இழை கணக்குப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

மாணவன் ஏற்கெனவே எதை அறிந்திருக்கிறான் என்பதே கற்றலைத் தீர்மானிப்பதில் முதன்மையானது, அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பியுங்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இல் தன் கல்வி உளவியல் நூலின் முகப்பிலேயே எழுதி வைத்தார். இதைப் படித்த நாளில் எனக்குப் பாட்டியின் சாம்பல் படிந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

உங்கள்மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை, ம. மாலையில் எடை போடும் இடம்வரை நடந்துபோய் நின்ற ஆசிரியை நீங்கள். எத்தனை பேர் போவார்கள்? நாளைக்கும் போங்கள். 38 கிலோ, கிலோவுக்கு 6 ரூபாய் என்று அவனிடம் கேளுங்கள். சொன்ன பிறகு அந்த நோட்டைத் திறந்து, அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1848 ரூபாய் வருமா என்று கேளுங்கள். கூலியை அவன் எந்த வழியில் கணக்கிட்டான் என்பதை அவன் சொன்ன சொற்களிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.