ஜப்பானிய மொழியில் காரணம் சொல்லும்போது ‘கரா’, ‘நோதே’ இரண்டில் எது மரியாதையானது?

மேலாளர், வாடிக்கையாளர், ஆசிரியர் என்றால் யோசிக்காமல் ‘நோதே’ போடுங்கள். வீட்டிலும் நண்பர்களிடமும் ‘கரா’. அவசரத்துக்கு இது போதும். ஆனால் ‘நோதே’ போட்டுவிட்டாலே மரியாதை வந்துவிடும் என்று நினைத்தால் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

‘நெத்ஸு கா அரு கரா, யசுமிமாஸ்’ (காய்ச்சல், அதனால் லீவு) என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கேட்பவருக்கு, ‘காய்ச்சல், வேற என்ன பண்றது?’ என்பது போல இருக்கும். ‘கரா’ பேசுபவரின் நியாயத்தை முன்னால் நிறுத்துகிறது. ‘நோதே’ நிலைமையை மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. நமக்கு இது புதிதல்ல: ‘நோ’ வினையைப் பெயராக்கும், ‘தே’ வேற்றுமை உருபு. ‘இருப்பது’ + ‘ஆல்’ எப்படியோ அப்படி.

சரி, ‘அரு நோதே, யசுமிமாஸ்’ என்று மாற்றினால்? இன்னும் நீங்களே முடிவெடுத்து அறிவிப்பது போலத்தான் இருக்கிறது. ‘யசுமாஸெதே இதாதகேமாஸென் கா’ என்று, விடுப்புக்கு அனுமதி கிடைக்குமா என்ற கேள்வியாக முடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முக்கால்வாசி மரியாதை இந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது. அழைப்பை மறுக்கும்போது பின்பாதியே வேண்டாம். ‘சொத்தோ யோஜி கா அரு நோதே...’ (கொஞ்சம் வேலை இருப்பதால்...) என்று இழுத்து விட்டுவிடுங்கள். என்ன வேலை என்று பெரும்பாலும் துருவ மாட்டார்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் பெயர்ச்சொல். ‘பியோகி தா கரா’ (நோய் என்பதால்) சரி. ஆனால் ‘பியோகி நா நோதே’ என்றுதான் வரும், அங்கே ‘தா’ போடக் கூடாது. ஏன் என்று கேட்டால் ‘...கரா தெஸ்’ என்று பதிலை முடிக்கலாம், ‘நோதே தெஸ்’ என்று முடிக்க முடியாது.

அதற்காக ‘கரா’ என்றாலே முரட்டுத்தனம் என்று பயப்பட வேண்டாம். ரயில் நிலைய அறிவிப்பிலேயே ‘அபுநாய் தெஸ் கரா’ (ஆபத்து என்பதால்) பின்னால் நகர்ந்து நில்லுங்கள் என்று வருகிறது. ‘தெஸ்’, ‘மாஸ்’ என்ற பணிவான முடிவுகள் சேர்ந்தால் அதன் கூர்மை மழுங்கிவிடும்.

அப்புறம், தாமதமாகப் போனால் இரண்டையும் விட்டுவிட்டு முதலில் ‘ஒஸோகு நாத்தே சுமிமாஸென்’ என்று மன்னிப்புக் கேளுங்கள். காரணம் கேட்டால் ‘தென்ஷா கா ஒகுரேதா மோனோ தெஸ் கரா’ (ரயில் தாமதமாகிவிட்டதால்). சாக்குச் சொல்வதற்கென்றே உள்ள பணிவான வடிவம் இந்த ‘மோனோ தெஸ் கரா’. கூடவே ரயில் நிறுவனம் தரும் தாமதச் சான்றையும் நீட்டிவிடுங்கள்.