நிறம் போய்விட்டது, சாயம் போனதா?

வணக்கம் அம்மா. "திருப்பூர் நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத்தண்ணியப் பார்த்து வளர்ந்தவள் நான். சிங்கப்பூர் வந்தும் என் மகள் அந்தத் தண்ணியையே கட்டிக்கொண்டு அழணுமா?" என்று எழுதியிருந்தீர்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் துறைக்கே போக ஆசைப்படும் அவளை என்ன படிக்க வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பாசனத்துக்காக நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சே கசக்கும். உங்கள் வருத்தம் நியாயமானது.

ஆனால், நீங்கள் அனுப்பிய படத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். தொடக்கக் கல்லூரி ஆய்வுக்கூட மேசையில் இரண்டு போத்தல்கள். ஒன்றில் மெத்தில் ஆரஞ்சு என்ற சாயம், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்த நீர். இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துச் செய்யும் ஃபென்டன் வினை அது. 1894இலேயே வெளிவந்த கண்டுபிடிப்பு. போத்தலில் ஒட்டிய தாளில் உங்கள் மகள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "நிறம் எங்கே போனது?" மதிப்பெண்ணைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

மெத்தில் ஆரஞ்சு ஓர் அசோ சாயம். துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பகுதி இந்த இனம்தான். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அந்தப் பிணைப்பை அறுத்தால் நிறம் போய்விடும். காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாவே அதை அறுத்துவிடும். பிரச்சினை அதற்கப்புறம்தான். அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். நிறமில்லாதவை, ஆனால் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அடுத்து, காற்றூட்டிய தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று தீர்க்க வேண்டும். முதல் தொட்டியோடு நிறுத்தினால் பார்வைக்கு மட்டும்தான் சுத்தம்.

ஃபென்டன் முறையில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற வீரியமான துகள், எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும், வேகம் அதிகம். ஆனால் தண்ணீரை பிஎச் (அமில, கார அளவு) 3 வாக்கில் அமிலமாக்க வேண்டும், ரசாயனச் செலவு உண்டு, இரும்புச் சேறு மிஞ்சும். பாக்டீரியா மலிவு, ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். பருத்திக்குச் சாயமேற்றக் கொட்டும் உப்பு கூடினால் சோர்ந்துவிடும். அந்த உப்பை இரண்டு முறையாலும் எடுக்க முடியாது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, உப்பை வடிகட்டும் ஆர்ஓ (தலைகீழ் சவ்வூடுபரவல்) சவ்வும் ஆவியாக்கும் கலன்களும் அங்கே தவிர்க்க முடியாதவையாகிவிட்டன.

ஆர்ஓ சவ்வு என்றதும் உங்களுக்குப் புதுநீர் நினைவுக்கு வரும். 2003 முதல் இங்கே கழிவுநீரைப் புதுநீராக்குவதும் அதே நுட்பம்தான். சாயப்பட்டறை வேலையை நம்பி இவள் இங்கே படிக்க முடியாது, உண்மை. ஆனால் கணினிச் சில்லு ஆலை, மருந்து ஆலை, தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் எல்லாவற்றுக்கும் கழிவுநீரைப் புரிந்தவர்கள் வேண்டும். இங்கே ஆலைக்கழிவைப் பொதுச் சாக்கடையில் விடுவதற்கே 45 டிகிரி வெப்பம், பிஎச் 6 முதல் 9 என்று வரம்புகள் உண்டு. அதைக் காக்க ஒவ்வோர் ஆலையிலும் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

சரி, எதைப் படிப்பது? வேதிப் பொறியியல் என் முதல் தேர்வு. மனம் மாறினாலும் வேறு துறைக்குப் போக வழி இருக்கும். நன்யாங் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியியல் அடுத்தது. உயிரியல் எடுக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கணிதமும் வேதியியலும் வலுவாக இருந்தால் நுண்ணுயிரியலைப் பல்கலைக்கழகத்தில் பிடித்துக்கொள்ளலாம். அவள் கணிதத்தில் தடுமாறுவதாகச் சொன்னீர்கள். துணைப்பாடத்துக்குச் செலவழிப்பதானால் அதற்குச் செலவழியுங்கள்.

இன்னொன்று. அந்தத் தெளிந்த போத்தலைக் கொட்டிவிட வேண்டாமென்று சொல்லுங்கள். அதில் வேதி ஆக்சிஜன் தேவை (மிஞ்சிய கரிமப் பொருளைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு) எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு அளந்து பார்க்கட்டும். அளக்கும் முன் எஞ்சிய பெராக்சைடை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். கிடைத்த எண்ணோடு அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள் அம்மா.